யாழ்ப்பாணம் – அகத்தி 872 கி.மீ.: விமானத் தூரக் கணிப்பான்களை எதுவரை நம்பலாம்?

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் வான்வழித் தூரம் இவ்வளவு, பறக்கிற நேரம் இவ்வளவு என்று நொடியில் சொல்லிவிடும் தளங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. சென்னை – டெல்லி மாதிரி நாளெல்லாம் விமானம் ஓடுகிற வழியைக் கேட்டால் எல்லாத் தளமும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் தரும். எது தேறும், எது தேறாது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சின்ன ஓடுபாதை, வாரத்துக்குச் சில விமானம், நேர் சேவை இல்லாத ஜோடி என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் சாயம் வெளுக்கும்.

இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஜோடி யாழ்ப்பாணம் பலாலியும் லட்சத்தீவின் அகத்தியும். பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அகத்தி 1988 முதல் இயங்குகிறது. பவளத் தீவின் ஒரு முனையில் கடலுக்கு நடுவே நீட்டிய ஓடுபாதை. இரண்டுக்கும் இடையே நேர் விமானம் கிடையாது. அப்புறம் இந்த ஜோடி எதற்கு என்றால், இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டையும் நேர்கோட்டில் இணைத்தால் அந்தக் கோடு நம்ம அழகர்கோயில், அலங்காநல்லூர், வாடிப்பட்டி ஓரமாகத்தான் போகிறது. மதுரை விமான நிலையத்துக்கு வடக்கே சுமார் 25 கி.மீ. மதுரையிலிருந்து யாழ்ப்பாணம் 217, மதுரையிலிருந்து அகத்தி 657, கூட்டினால் 874. நேர்கோட்டுத் தூரம் 872. ஆக, மதுரையில் இறங்கி ஏறிப் போனாலும் கூடுவது இரண்டே கி.மீ. ஆனால் இங்கிருந்து இரண்டு ஊருக்குமே நேர் விமானம் இல்லை.

முதலில் தூரம். இதில் பெரும்பாலான தளங்கள் தேறிவிடுகின்றன. ஒரு தளம் 871 என்றும் இன்னொன்று 872 என்றும் காட்டினால் இரண்டில் ஒன்று தப்பு என்று நினைக்க வேண்டாம். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டால் 871. துருவங்களில் லேசாகத் தட்டையான நிஜ வடிவத்தை வைத்துப் போட்டால் 872. கிழக்கு மேற்காகப் போகும் வழியில் நம்ம அட்சரேகையில் உருண்டைக் கணக்கு கொஞ்சம் குறைத்துக் காட்டும். வடக்கு தெற்காகப் போனால் கூட்டிக் காட்டும்: மதுரை – சென்னை உருண்டைக் கணக்கில் 417.5, நிஜ வடிவக் கணக்கில் 416 கி.மீ. சொச்சம். இந்த ஒன்றரை கி.மீ.யால் யாருக்கும் நஷ்டமில்லை. விமான நிலையத்தின் ‘புள்ளி’ என்று குறிப்பதே ஓடுபாதையின் நடுவாக்கில் ஓர் இடத்தைத்தான். மதுரை ஓடுபாதையே 2,285 மீட்டர் நீளம். அதனால் கி.மீ.க்குக் கீழே தசமப் புள்ளி போட்டு 656.63 என்று காட்டும் தளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது துல்லியம் இல்லை, அலங்காரம்.

தளத்தை நம்பாமல் கையாலேயே சரிபார்க்கலாம்; கைபேசிக் கால்குலேட்டர் போதும். மதுரை விமான நிலையம் 9.8345 வடக்கு, 78.0934 கிழக்கு. பலாலி 9.7923 வடக்கு, 80.0701 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 0.0422, அதை 110.6-ஆல் பெருக்கினால் 4.7 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 1.9767, அதை 109.7-ஆல் பெருக்கினால் 216.8 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 216.9. அவ்வளவுதான். 109.7 எப்படி வந்தது என்றால், நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகை 111.3 கி.மீ.; வடக்கே போகப்போக அது சுருங்கும்; இரண்டு ஊருக்கும் நடு அட்சரேகையின் கொசைனால் அதைப் பெருக்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரைக்கும் இந்த எண் 110.2-க்கும் 108.4-க்கும் நடுவில்தான் நிற்கும். ஆயிரம் கி.மீ.க்குள் இந்தக் கணக்கு அச்சாக வரும். துபாய், சிங்கப்பூர் என்று போனால் உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியைப் பிடிக்கும் பெருவட்டக் கணக்குப் போடுகிற தளத்திடம் விட்டுவிடலாம்.

தூரத்தில் தப்பு வருகிறது என்றால் அது கணக்கால் வருவதில்லை, நாம் கொடுக்கிற விவரத்தால்தான். இதில் மூன்று விதம் அடிக்கடி நடக்கும். முதலாவது ரயில்வே குறியீட்டைப் போடுவது. மதுரை ஜங்ஷனுக்கு ‘எம்டியு’ என்று டிக்கெட்டில் பார்த்துப் பழகிய கை அதையே இங்கேயும் தட்டிவிடும். விமானக் குறியீட்டில் எம்டியு என்பது பப்புவா நியூ கினியில் இருக்கும் மெண்டி; மதுரையிலிருந்து 7,400 கி.மீ.க்கு மேல். நம்ம விமான நிலையத்துக்கு ‘ஐஎக்ஸ்எம்’. திருச்சி ரயில் நிலையத்தின் ‘டிபிஜே’யைப் போட்டால் நேபாள மலையில் தாப்ளேஜுங் வரும், திருச்சி விமானக் குறியீடு ‘டிஆர்இசட்’. எண் அபத்தமாக வந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆபத்து, பக்கத்துப் பக்கத்துக் குறியீடுகளில்தான். கோவாவில் இப்போது இரண்டு விமான நிலையம்: பழைய டாபோலிம் ‘ஜிஓஐ’, புதிய மோபா ‘ஜிஓஎக்ஸ்’. அகத்திக்கு மோபாவிலிருந்து 577 கி.மீ., டாபோலிமிலிருந்து 538. எண் நம்பும்படியாகத்தான் இருக்கும், ஆனால் 39 கி.மீ. தப்பு. அதைவிடப் பெரிய வில்லங்கம், டாக்ஸியை வேறு விமான நிலையத்துக்கு விட்டுவிடுவது.

இரண்டாவது, பாகை – கலை (டிகிரி – மினிட்) குழப்பம். 9 பாகை 50 கலை என்பது 9.50 இல்லை, 9.833. கலையை 60-ஆல் வகுக்காமல் அப்படியே தசமமாக எழுதினால் மூன்றில் ஒரு பாகை போச்சு. வடக்கு தெற்கில் 37 கி.மீ. இடம் மாறி, விமான நிலையம் அருப்புக்கோட்டைத் திசையில் போய் உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது மைல். மதுரை – அகத்தி 657 கி.மீ. என்பது 408 சாதா மைல், 355 கடல் மைல். விமானத் துறையில் மைல் என்றாலே கடல் மைல்தான், 1.852 கி.மீ. சில தளம் வெறும் ‘மைல்’ என்று போட்டுவிட்டு எது என்று சொல்லாது. 355-ஐச் சாதா மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 571 வரும், 86 கி.மீ. காணாமல் போகும். எந்தத் தளம் கி.மீ., மைல், கடல் மைல் மூன்றையும் சேர்த்துக் காட்டுகிறதோ அதை எடுங்கள்.

இனி நேரம். இங்கேதான் முக்கால்வாசித் தளங்களுக்கு மார்க் போட மனம் வரவில்லை. தானாகப் பக்கங்களை உற்பத்தி பண்ணும் ‘தூரமும் நேரமும்’ வகைத் தளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம்: தூரத்தை மணிக்கு 800 அல்லது 850 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டு. யாழ்ப்பாணம் – அகத்திக்கு இப்படிப் போட்டால் 1 மணி 32 நிமிஷம் வரும். அழகாக ஒரு கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் அகத்தியில் இறங்குவது ஜெட் இல்லை, ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். அது மேலே போய் ஓடுகிற வேகமே மணிக்கு சுமார் 500 கி.மீ. 850-ஐ வைத்துக் கணக்குப் போடுவது, தேனி பஸ்ஸுக்கு வந்தே பாரத் வேகத்தைப் போட்டு நேரம் சொல்கிற மாதிரி.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. ஏடிஆர் என்றால் கி.மீ.யை 7.5-ஆல் வகுத்து 25 நிமிஷம் கூட்ட வேண்டும். ஜெட் என்றால் 13-ஆல் வகுத்து 35 நிமிஷம். 7.5 என்பது நிமிஷத்துக்கு இத்தனை கி.மீ.; மணிக்கு 450. விமானம் 500-இல் ஓடினாலும் 450 என்று வைப்பதற்குக் காரணம், எந்த விமானமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போவதில்லை. புறப்பட்ட ஓடுபாதையின் திசை, குறித்த வான்பாதை, இறங்கும் ஊரில் வரிசை என்று குறுகிய வழியில் ஐந்து முதல் பத்து சதவீதம் கூடிவிடும். 25 நிமிஷத்தில் ஓடுபாதைக்கு உருண்டு போவது, மெதுவாக ஏறுவது, இறங்குவது, மறுபடி உருண்டு வந்து நிற்பது எல்லாம் அடக்கம். ஜெட்டுக்கு அது 35 ஆவதற்குக் காரணம், அது இன்னும் உயரம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் போய்ச் சேருவதும் நெரிசலான நிலையம்.

போட்டுப் பார்ப்போம். கொச்சி – அகத்தி 468 கி.மீ.; 62-உம் 25-உம் 87 நிமிஷம். கால அட்டவணையும் ஒன்றரை மணியை ஒட்டித்தான் இருக்கும். மதுரை – சென்னை ஏடிஆரில் 81 நிமிஷம், ஜெட்டில் 67. சூத்திரத் தளம் இதற்குச் சுமார் ஒரு மணி என்று சொல்லும். திருச்சி – யாழ்ப்பாணம் 184 கி.மீ.; கணக்கில் 50 நிமிஷம், அட்டவணையில் ஒரு மணி. அந்தப் பத்து நிமிஷம் தாமதத்துக்காக விமான நிறுவனம் முன்கூட்டியே சேர்த்து வைப்பது. தூரம் குறையக் குறைய இந்தச் சேர்மானத்தின் பங்கு பெரிதாகும்; அதனால்தான் 200 கி.மீ. வழியில் எல்லாத் தளமும் சறுக்குகிறது. நம்ம ஜோடிக்கே வந்தால், 872 கி.மீ.க்கு ஏடிஆர் எடுக்கும் நேரம் சுமார் 2 மணி 20 நிமிஷம். தளம் சொன்னதைவிட முக்கால் மணிக்கு மேல் கூட.

காற்றைக் கணக்கில் எடுக்கிற தளம் அரிது. தமிழ்நாட்டுக்கு மேலே ஒரு விநோதம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஐந்தாறு கி.மீ. உயரம் வரை மேற்கிலிருந்து வீசும். அதற்கு வெகு மேலே, பத்துப் பன்னிரண்டு கி.மீ.க்குப் போனால் காற்று தலைகீழ். கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். ஏடிஆர் பறப்பது கீழ் அடுக்கில், ஜெட் பறப்பது மேல் அடுக்கில். ஆக ஆடி மாதத்தில் கொச்சியிலிருந்து அகத்தி போகும் ஏடிஆருக்கு எதிர்காற்று. அதே நேரம் மதுரையிலிருந்து துபாய் போகும் ஜெட்டுக்குப் பின்னால் தள்ளுகிற காற்று. 60 கி.மீ. காற்று என்று வைத்தால் 468 கி.மீ. தூரத்தைப் போகும்போது 64 நிமிஷத்திலும் வரும்போது 50 நிமிஷத்திலும் கடக்கும். 14 நிமிஷ வித்தியாசம். தளம் இரண்டு திசைக்கும் ஒரே எண்ணைக் காட்டினால் காற்றை அது தொடவே இல்லை என்று அர்த்தம். மதுரை ஓடுபாதையும் கிழக்கு மேற்காகப் போட்டது. காற்று எந்தப் பக்கமோ அதை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். அதைப் பொறுத்து விமானம் ஒரு சுற்று வளைந்து வந்தால் சில நிமிஷம் கூடும்.

‘புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் கழித்தால் ஆச்சு’ என்று சிலர் சொல்வார்கள். உள்நாட்டுக்கும் இலங்கைக்கும் சரிதான், இரண்டுக்கும் ஒரே மணி. துபாய்க்கு ஒன்றரை மணி பின்னே, சிங்கப்பூருக்கு இரண்டரை மணி முன்னே. காலை 11 மணிக்குக் கிளம்பி மதியம் 1.20-க்கு துபாயில் இறங்கினால் கழித்துப் பார்க்க 2 மணி 20 நிமிஷம். நிஜத்தில் 3 மணி 50. அரை மணியைக் கணக்கில் எடுக்காமல் முழு மணியாகத் திருப்பும் தளங்களும் உண்டு. மதுரை – துபாய் 2,950 கி.மீ. என்பதை வைத்துக் கணக்கிட்டால் 4 மணி 20 நிமிஷம் வரும். காற்று தள்ளினால் அதில் குறையும். இரண்டு மணி சொச்சம் என்று எந்தத் தளம் காட்டினாலும் அது மணி வித்தியாசத்தில் விழுந்துவிட்டது.

ஒதுங்கிய நிலையங்களில் சூத்திரத்துக்கு எட்டாத இன்னொன்று ஓடுபாதை. அகத்தியுடையது சுமார் 1,200 மீட்டர், மதுரையில் பாதிதான். ஏடிஆருக்கு மேல் பெரியது இறங்க வழியில்லை. அதிலும் எல்லா இருக்கையையும் மூட்டையையும் முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாத நாள் உண்டு. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், இறக்கையும் விசிறியும் தருகிற தூக்கல் குறையும். எடையைக் குறைத்தால்தான் ஓடுபாதை முடிவதற்குள் எழும்ப முடியும். பெட்டி அடுத்த விமானத்தில் வருவது இதனால்தான். மழை மறைத்து இறங்க முடியாமல் போனால் பக்கத்தில் வேறு ஊர் கிடையாது, கடலைக் கடந்து கேரளக் கரைக்கே திரும்ப வேண்டும். அதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டே போக வேண்டும், அதுவும் எடை. உலகத்தில் இதன் உச்சம் ஈஸ்டர் தீவு. சிலியின் சாண்டியாகோவிலிருந்து சுமார் 3,750 கி.மீ. போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்பதால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். கணிப்பான் அங்கேயும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைத்தான் நீட்டும்.

‘பயண நேரம்’ என்ற தலைப்பின் கீழ் பறக்கும் நேரத்தை மட்டும் போடுவதுதான் இந்தத் தளங்களின் பெரிய ஏமாற்று. மதுரையிலிருந்து யாழ்ப்பாணம் 217 கி.மீ., 45 நிமிஷம் என்று காட்டும். சென்னை வழியாகப் போனால் 417-உம் 356-உம் சேர்த்து 773 கி.மீ.; மூன்றரை மடங்கு. திருச்சி வழி உத்தமம்: 2025 மார்ச் கடைசியில் திருச்சி – யாழ்ப்பாணம் விமானம் தொடங்கியது. மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டரை மணி, பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி முன்னதாக நிற்க வேண்டும், பறக்க ஒரு மணி, பலாலியில் குடியேற்றச் சோதனை அரை மணிக்கு மேல். ஆக ஏழு மணி நேரம்.

அகத்திக்கு மதுரையிலிருந்து கொச்சி போய் ஏறுவதுதான் நடைமுறை. ஆரப்பாளையம், தேனி, போடி, மூணாறு வழியாக, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி 260 கி.மீ.க்கு மேல், மலைப்பாதை என்பதால் காரில் ஆறேழு மணி. ரயில் என்றால் பழனி, பாலக்காடு வழியாக ஆலுவா போகும் அம்ரிதா எக்ஸ்பிரஸ். ஆலுவாவிலிருந்து விமான நிலையம் பக்கம். 657 கி.மீ.க்குச் சூத்திரத் தளம் சொல்வது ஒன்றேகால் மணி. வீட்டை விட்டுக் கிளம்பி அகத்தி மணலில் கால் வைக்க ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் போகும்.

எதைப் பயன்படுத்தலாம்? தூரத்துக்கு ‘கிரேட் சர்க்கிள் மேப்பர்’ போதும். ஐஎக்ஸ்எம், நடுவில் ஒரு கோடு, அகத்தியின் குறியீடான ஏஜிஎக்ஸ் என்று தட்டினால் வரைபடத்தோடு தரும். நிஜ வடிவத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. மூன்று நான்கு ஊரைக் கோர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகவும் கூட்டியும் காட்டும். வேகத்தை நாமே போடலாம் என்பதால் ஏடிஆருக்கு 450 என்று கொடுத்துவிட்டு 25 நிமிஷத்தைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம். முகப்பு பழைய காலத்துப் பாணி, கைபேசியில் பார்க்கக் கண் வலிக்கும். அது ஒன்றுதான் குறை. குறியீடே இல்லாத பழைய ஓடுபாதைக்கு கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதி உண்டு. ஊர்ப் பெயரில் வைக்காமல் ஓடுபாதையின் நடுவில் புள்ளி வைத்தால் போதும். ஊர்ப் பெயரில் வைத்தால் மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து அளக்கும். விமான நிலையம் இருக்கும் பெருங்குடிக்கும் அதற்கும் பத்து கி.மீ.

நேரத்துக்கு விமானத்தை நேரடியாகத் தொடரும் தளங்கள்தான் சரி. ஃப்ளைட்ரேடார்24 போன்றவற்றில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாளில் எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை மணிக்குத் தொட்டது என்று கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஏழு நாள் எண்ணை எடுத்து, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். எழும்பியதிலிருந்து தொட்டது வரைதான் அது. முன்னும் பின்னும் உருளுகிற பதினைந்து நிமிஷத்தைச் சேர்க்க வேண்டும். கடலுக்கு நடுவில் சிக்னல் விட்டுப்போய் கோடு அறுந்து தெரிந்தால் பதற வேண்டாம். தரையில் வாங்கும் கருவி அந்தப் பக்கம் இல்லை என்பதுதான் காரணம்.

ஐந்துக்கு மதிப்பெண் என்றால் கிரேட் சர்க்கிள் மேப்பருக்கு நாலரை, தொடரும் தளங்களுக்கு நாலு. தானாகப் பக்கம் உற்பத்தி செய்யும் சூத்திரத் தளங்களுக்குத் தூரத்துக்கு மூன்றரை, நேரத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஜெட் ஓடும் நெடுந்தூர வழிகளுக்காக. அகத்திக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: லட்சத்தீவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தக் கணிப்பானிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. மதுரை – அகத்திப் பயணத்தில் அதிக நாள் பிடிக்கிறது அந்தச் சீட்டுதான்.